ஜாதிக்காய் ஜெருக் சொல்லும் பாடம்: செல் சவ்வை வீட்டு மேசையில் சோதிக்கும் முறை

பினாங்கு சௌரஸ்தா பசாரில் வரிசையாக அடுக்கியிருக்கும் ஜெருக் (ஊறுகாய்) சாடிகளில் இருந்து ஒரு ஜாதிக்காய்த் துண்டை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நடுப்பகுதி வரை இனிக்கும். ஆனால் படிவம் 4 உயிரியலில் பிளாஸ்மா சவ்வு, அதாவது செல்லைச் சூழ்ந்திருக்கும் செல் சவ்வு பற்றிய அத்தியாயம், சுக்ரோஸ் செல் சவ்வைச் சுலபத்தில் தாண்டாது என்கிறது. தாண்டாத சர்க்கரை காய்க்குள் எப்படிப் போனது?

சில கிழங்கு வில்லைகளை மட்டும் முந்தைய நாளே உறைய வைத்துவிட்டு, கீழே உள்ள சோதனைகளை ஒரு சனிக்கிழமை காலையில் தொடங்கினால் மாலைக்குள் முடித்துவிடலாம், விடையும் அதற்குள் கிடைத்துவிடும். டியூஷன் வகுப்பில் செய்து காட்ட நினைக்கும் ஆசிரியர்களுக்கும் இதே அளவுகள் பொருந்தும். நுண்ணோக்கி ஒரே ஒரு சோதனைக்குத்தான் வேண்டும்.

சவ்வை வரையும் வரிசை

சோதனைக்கு முன் படத்தை ஒருமுறை கையால் வரைந்து பாருங்கள். அச்சிட்ட படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் எந்த உறுப்பு எங்கே நிற்கிறது என்பது மனதில் தங்காது.

முதலில் ஒரு சிறு வட்டம். அதிலிருந்து கீழே இறங்கும் இரண்டு வால்கள். இதுதான் ஒரு பாஸ்போலிப்பிட். தலை நீரை விரும்பும், வால்கள் நீரைக் கண்டால் ஒதுங்கும். இப்படிப் பத்துப் பதினைந்தை நெருக்கமாக ஒரு வரிசையில் வரைந்து, அதற்குக் கீழே கண்ணாடியில் தெரிவதுபோல் தலைகீழாக இன்னொரு வரிசை போடுங்கள். வால்கள் ஒன்றையொன்று பார்க்க வேண்டும், தலைகள் இரு பக்கமும் நீரைப் பார்க்க வேண்டும். செல்லுக்கு உள்ளேயும் நீர், வெளியேயும் நீர் என்பதால் வேறு விதமாக நிற்க அவற்றுக்கு வழியில்லை. ஒரு தலைக்கு ஒரே வால் போடுவது தேர்வுத்தாளில் அடிக்கடி காணும் பிழை.

அடுத்தது புரதங்கள். வரிசையைச் சில இடங்களில் வெட்டி, மேலிருந்து கீழ்வரை முழுதாக ஊடுருவும் பெரிய உருண்டைகளை வையுங்கள். ஒன்றின் நடுவே துளை விடுங்கள், அது கால்வாய்ப் புரதம். இன்னொன்றில் ஒரு பக்கம் மட்டும் திறந்த குழி போடுங்கள், அது கடத்திப் புரதம். பிடித்த மூலக்கூறை உருவம் மாறி மறுபக்கம் விடும் வேலை அதனுடையது. புரதங்கள் கொழுப்பின் இரு புறமும் ரொட்டித் துண்டுகள்போல் படிந்திருக்கின்றன என்று 1935இல் டாவ்சனும் டேனியலியும் முன்வைத்த மாதிரி சொன்னது. புரதத்தை மேற்பரப்பில் மட்டும் ஒட்டவைத்து வரையும் மாணவர் தெரியாமலே அந்தப் பழைய மாதிரிக்குத் திரும்பிவிடுகிறார். இன்று பாடத்தில் இருக்கும் பாய்ம மொசைக் மாதிரி சிங்கர், நிக்கல்சன் இருவரும் 1972இல் வெளியிட்டது. கொழுப்புக் குளத்தில் புரதங்கள் மிதந்து நகர்கின்றன என்பது அதன் சாரம்.

கடைசியாகச் சர்க்கரைச் சங்கிலிகள். இவை செல்லின் வெளிப்பக்கம் மட்டுமே நீட்டிக்கொண்டிருக்கும். செல்கள் ஒன்றையொன்று அடையாளம் காண்பது பெரும்பாலும் இவற்றை வைத்துத்தான். உங்கள் ரத்தம் ஏ வகையா பி வகையா என்பதைத் தீர்மானிப்பதும் சிவப்பணுச் சவ்வின் மேல் நிற்கும் இந்தச் சங்கிலிகளே. விலங்குச் செல் என்றால் வால்களுக்கு இடையே கொலஸ்ட்ராலையும் செருகுங்கள்.

இதன் தடிமன் சுமார் 7 நானோமீட்டர். 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு தாளின் உயரத்துக்கு ஏறக்குறைய 14,000 சவ்வுகளை அடுக்க வேண்டும். சாதாரண ஒளி நுண்ணோக்கி சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழ் பிரித்துக் காட்டாது. ஆகவே பள்ளி ஆய்வகத்தில் யாரும் செல் சவ்வை நேரில் பார்த்ததில்லை. அது செய்யும் வேலையைத்தான் பார்க்கிறோம்.

வாங்க வேண்டியவை

உருளைக்கிழங்கு மூன்று, பீட்ரூட் இரண்டு, வெள்ளைச் சர்க்கரை கால் கிலோ, மருந்துக் கடையில் கிடைக்கும் 70 விழுக்காடு ஆல்கஹால் ஒரு சிறு புட்டி. ஹார்ட்வேர் கடையில் விற்கும் சாயமேற்றிய ஸ்பிரிட் வேண்டாம், நிறத்தைக் கெடுத்துவிடும். சமையல் வெப்பமானி ஒன்று, 100 மி.லி. அளவுக் குவளை ஒன்று, தேநீர் வடிகட்டி ஒன்று.

கிழங்கைச் சீரான உருளையாக வெட்ட ஆய்வகத்தில் தக்கைத் துளைப்பான் இருக்கும். வீட்டில் பபள் டீ குடிக்கும் உலோக ஸ்ட்ரா அந்த வேலையைச் செய்துவிடும். அதன் விட்டம் பெரும்பாலும் 12 மில்லிமீட்டர். கிழங்கை முதலில் 5 மில்லிமீட்டர் தடிமனில் வட்டமாக அரிந்து, பலகையில் வைத்து, ஸ்ட்ராவைச் செங்குத்தாக அழுத்துங்கள். உள்ளங்கையில் வைத்து அழுத்தினால் கை கிழியும். சிக்கிய வில்லையைச் சாப்ஸ்டிக்கால் தள்ளி எடுங்கள்.

தராசுதான் சிக்கல். சமையல் தராசு 1 கிராமுக்குக் கீழ் காட்டாது. 0.01 கிராம் காட்டும் சிறு நகைத் தராசு இருந்தால் ஐந்து வில்லைகள் போதும். இல்லையென்றால் ஒவ்வொரு கோப்பைக்கும் 30 கிராம் வில்லைகள் போடுங்கள். 10 விழுக்காடு மாற்றம் 3 கிராமாகத் தெரியும்.

சோதனை ஒன்று: உருளைக்கிழங்கும் சர்க்கரை நீரும்

முதலில் 1 மோலார் சுக்ரோஸ் கரைசல் 500 மி.லி. தயாரிக்க வேண்டும். சுக்ரோஸின் மூலக்கூறு நிறை 342. 1 மோலார் என்றால் ஒரு லிட்டர் கரைசலில் 342 கிராம், ஆகவே அரை லிட்டருக்கு 171 கிராம் சர்க்கரை. 300 மி.லி. வெதுவெதுப்பான நீரில் கரைத்து, ஆறவிட்டு, பிறகு மொத்தம் 500 மி.லி. ஆகும்வரை நீர் சேருங்கள். 171 கிராம் சர்க்கரையை 500 மி.லி. நீரில் நேராகக் கொட்டுவது பலரும் செய்யும் தவறு. சர்க்கரையும் இடம் பிடிப்பதால் கரைசல் 600 மி.லி.யைத் தாண்டிவிடும், செறிவு 0.82 மோலாருக்கு இறங்கிவிடும். அதிலிருந்து செய்யும் எல்லாக் கோப்பைகளும் அதே விகிதத்தில் பிசகும்.

ஆறு கோப்பைகளில் 0, 0.2, 0.4, 0.6, 0.8, 1.0 மோலார் என்று எழுதி ஒட்டுங்கள். 0.2 என்றால் 20 மி.லி. கரைசலும் 80 மி.லி. நீரும், 0.4 என்றால் 40க்கு 60. அப்படியே மேலே போங்கள். மொத்தம் 300 மி.லி. செலவாகும். மிச்சத்தைக் கொட்டிவிடாதீர்கள், அடுத்த சோதனைக்கு வேண்டும்.

வில்லைகளில் தோல் ஒட்டியிருக்கக் கூடாது. தோலில் உள்ள மெழுகுத்தன்மையான பொருள் நீரைத் தடுக்கும். வெட்டிய வில்லைகளைத் திசுத்தாளில் ஒற்றி உடனே எடை போட்டு, குறித்துக்கொண்டு, கோப்பையில் இடுங்கள். மின்விசிறிக்குக் கீழே பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தால் கிழங்கு காய்ந்து தொடக்க எடையே பொய்யாகும். 90 நிமிடம் கழித்து எடுத்து, அதே அழுத்தத்தில் ஒற்றி, மறுபடி எடை போடுங்கள். ஒரு கோப்பை வில்லைகளை மெதுவாகவும் இன்னொன்றைப் பிழிந்தும் ஒற்றினால் கணக்கு கலைந்துவிடும். இரவு முழுக்க ஊறவிடவும் வேண்டாம். நம் ஊர் வெப்பத்தில் கரைசல் காலைக்குள் புளிக்கத் தொடங்கிவிடும்.

எடை மாற்றத்தை விழுக்காடாக மாற்றுங்கள்: கடைசி எடையிலிருந்து முதல் எடையைக் கழித்து, முதல் எடையால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். வெறும் கிராம் கணக்கை ஒப்பிடக் கூடாது, ஏனென்றால் எல்லாக் கோப்பையிலும் ஒரே எடையில் தொடங்கவில்லை. வரைபடம் போட்டால் கோடு பூஜ்ஜியத்துக்கு மேலே தொடங்கி, கீழே இறங்கி, பெரும்பாலும் 0.25க்கும் 0.35க்கும் இடையில் பூஜ்ஜியத்தை வெட்டும். அந்தச் செறிவில் உள்ளே போகும் நீரும் வெளியே வரும் நீரும் சமம். இதைத்தான் ஐசோடோனிக் என்கிறோம். அதற்கு இடப்பக்கம் ஹைப்போடோனிக், அதாவது கரைசல் நீர்த்திருப்பதால் நீர் செல்லுக்குள் போகும். வலப்பக்கம் ஹைப்பர்டோனிக், கரைசல் செறிந்திருப்பதால் நீர் வெளியே வரும்.

வெட்டும் இடம் 0.4ஐத் தொட்டால் பயப்பட வேண்டாம். இங்கே விற்கும் உருளைக்கிழங்கில் பெரும்பகுதி இறக்குமதி. குளிரில் நெடுநாள் இருந்த கிழங்கில் மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறிவிடும், உட்செறிவு ஏறிவிடும். குளிர்பெட்டியில் வைத்த கிழங்கையும் வெளியே வைத்த கிழங்கையும் தனித்தனியாகச் சோதித்து ஒப்பிட்டால் அதுவே நல்ல செயல்திட்டமாகும்.

இப்போது, பெரும்பாலான வழிகாட்டிகள் விட்டுவிடும் ஒரு படி. முதல் நாளே சில வில்லைகளை உறைபெட்டியில் வைத்து, உறைய வைத்து, பிறகு இளகவிடுங்கள். பனிப் படிகங்கள் சவ்வுகளைக் கிழித்திருக்கும். இவற்றைப் பூஜ்ஜியக் கோப்பையில், அதாவது வெறும் நீரில் போடுங்கள். புதிய வில்லை நீரைக் குடித்து முறுக்கேறி, வளைத்தால் படக்கென்று உடையும். உறைந்து இளகிய வில்லை எத்தனை நேரம் கிடந்தாலும் துணிபோல் தொய்ந்தே இருக்கும். இரண்டிலும் செல் சுவர் இருக்கிறது, கரைபொருள்களும் இருக்கின்றன. இல்லாதது முழுச் சவ்வு மட்டும். சவ்வூடு பரவல் நடக்க செறிவு வேறுபாடு மட்டும் போதாது, கரைபொருளைத் தடுத்து நீரை மட்டும் விடும் சவ்வும் வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை வீட்டில் கிடைக்காது.

நீர் மட்டும் எப்படி இவ்வளவு வேகமாகப் போகிறது? கொழுப்பு வரிசையின் ஊடாகக் கொஞ்சம் கசியும். பெரும் ஓட்டத்துக்கு அக்குவாபோரின் என்ற கால்வாய்ப் புரதங்கள் உள்ளன. அவற்றைக் கண்டறிந்ததற்காகப் பீட்டர் ஆக்ரே 2003இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆக்சிஜனுக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் எந்தக் கால்வாயும் தேவையில்லை, கொழுப்பின் ஊடாகவே புகுந்துவிடும். குளுக்கோஸுக்குக் கடத்திப் புரதம் வேண்டும், அயனிகளுக்குக் கால்வாயோ பம்போ வேண்டும்.

சோதனை இரண்டு: ரோயோ இலை

இலையின் மேற்புறம் பச்சை, அடிப்புறம் ஊதா. வாள்போல் நீண்ட இலைகள் கொத்தாக நிற்கும். சாலையோரப் பாத்திகளிலும் அடுக்குமாடி வீடுகளின் பூத்தொட்டிகளிலும் பார்த்திருப்பீர்கள். சாறு சிலருக்கு அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

இலையை ஊதாப் பக்கம் உங்களைப் பார்க்கும்படி பிடித்து, சாய்வாக மடித்து ஒடித்து இழுங்கள். ஓரத்தில் மெல்லிய ஊதாப் படலம் உரிந்து வரும். கத்தியால் சுரண்டினால் செல்கள் உடைந்து நிறமெல்லாம் வழிந்துவிடும். 5 மில்லிமீட்டர் அளவு துண்டைக் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நீரில் பரப்பி, மூடுதகட்டை ஒரு பக்கம் சாய்த்து மெதுவாக இறக்குங்கள். நேராகப் போட்டால் காற்றுக் குமிழ் சிக்கும். கனத்த கறுப்பு விளிம்போடு வட்டமாகத் தெரிவது குமிழ், செல் அல்ல. 100 மடங்கில் கண்டுபிடித்து 400 மடங்குக்குப் போங்கள். ஊதா நிறம் செல் முழுக்க நிறைந்திருக்கும்.

இப்போது மிச்சம் வைத்த 1 மோலார் கரைசல். மூடுதகட்டின் ஒரு ஓரத்தில் இரண்டு சொட்டு விட்டு, எதிர் ஓரத்தில் திசுத்தாளை வைத்து நீரை உறிஞ்சுங்கள். கரைசல் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடும். ஒருமுறை போதாது, மூன்று முறை செய்யுங்கள். சில நிமிடங்களில் ஊதாப் பகுதி மூலைகளிலிருந்து விலகிச் சுருங்கும். இதுவே பிளாஸ்மோலிசிஸ். செல் சுவர் இருந்த இடத்திலேயே நிற்கும்.

சுவருக்கும் சுருங்கிய பகுதிக்கும் நடுவே தெரியும் வெற்றிடத்தில் என்ன இருக்கிறது? காற்று என்பார்கள், வெறுமை என்பார்கள். இருப்பது நீங்கள் ஊற்றிய சர்க்கரைக் கரைசல். செல் சுவர் எதையும் தடுக்காமல் விடும், தடுப்பது அதற்கு உள்ளே இருக்கும் சவ்வு. இன்னொரு நுணுக்கம்: ஊதா நிறம் வெற்றிடக்குமிழியின், அதாவது செல்லுக்குள் சாறு நிறைந்திருக்கும் பெரிய பையின், சாற்றில் இருப்பது. நீங்கள் காணும் ஊதா விளிம்பு உண்மையில் அந்தக் குமிழியின் சவ்வு இருக்கும் இடம். பிளாஸ்மா சவ்வு அதற்கு வெளியே, நிறமற்ற மெல்லிய சைட்டோபிளாசத்துக்கு அப்பால் நிற்கிறது.

பிறகு நீரை விட்டு அதே முறையில் கரைசலை வெளியேற்றினால் ஊதா மறுபடி விரிந்து சுவரைத் தொடும். விரியாத செல்கள் இருந்தால் அவை இறந்துவிட்டன. கரைசலில் அதிக நேரம் விட்டிருக்கலாம், அல்லது உரிக்கும்போதே அடிபட்டிருக்கலாம். ஆக, திரும்ப விரிகிறதா என்பதே செல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. கைப்பேசிக் கேமராவைக் கண்வில்லையில் பொருத்தி இந்த நிமிடங்களைப் பதிவு செய்தால் வகுப்புக்கு உதவும்.

சோதனை மூன்று: பீட்ரூட்

பீட்ரூட்டின் சிவப்பும் வெற்றிடக்குமிழிக்குள் அடைபட்டது. வெளியே வர இரண்டு சவ்வுகளைக் கடக்க வேண்டும். சவ்வுகள் முழுதாக இருக்கும்வரை வராது.

3 மில்லிமீட்டர் தடிமனில் வில்லைகள் வெட்டி, ஓடும் நீரில் பத்து நிமிடம் அலசுங்கள். கழுவும் நீர் நிறமில்லாமல் வரும்வரை நிறுத்தாதீர்கள். கத்தி பட்ட செல்களின் நிறம் ஒட்டியிருந்தால் 30 டிகிரிக் குவளையும் சிவந்துபோய்ச் சோதனையே அர்த்தமிழந்துவிடும்.

ஒரு பெரிய பானையில் நீரை 70 டிகிரிக்குச் சூடாக்குங்கள். தேநீர் வடிகட்டியில் இரண்டு வில்லைகளை வைத்து சரியாக ஒரு நிமிடம் அமிழ்த்தி, எடுத்து, 20 மி.லி. குழாய்நீர் உள்ள கண்ணாடிக் குவளைக்கு மாற்றுங்கள். பின் பானையில் குளிர்ந்த நீர் சேர்த்து 60க்கு இறக்கி, புது வில்லைகள். அடுத்து 50, 40, 30. மேலிருந்து கீழே இறங்குவதால் அடுப்போடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. முள்கரண்டியால் குத்தி எடுக்காதீர்கள். 20 நிமிடம் கழித்து, குவளைகளை வெள்ளைத் தாளுக்கு முன் வரிசையாக வைத்துப் பாருங்கள். 30லும் 40லும் இளம் சாயல்தான், 50க்கு மேல் நிறம் வேகமாக ஏறும். சூட்டில் பாஸ்போலிப்பிட்கள் தளர்ந்து ஓடுகின்றன, புரதங்கள் உருக்குலைகின்றன, சவ்வில் ஓட்டைகள் விழுகின்றன.

ஒரு வில்லையை 70 விழுக்காடு ஆல்கஹாலில் 15 நிமிடம் போடுங்கள். சூடே இல்லாமல் சிவப்பு கொட்டும், ஏனென்றால் ஆல்கஹால் கொழுப்பு வரிசையையே குலைக்கிறது. பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது.

குளிரும் சவ்வைத் தாக்கும். வாழைப்பழத்தைக் குளிர்பெட்டியில் வைத்தால் தோல் கறுப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். வெப்பமண்டலப் பழத்தின் சவ்வுகள் அந்தக் குளிரில் இறுகிக் கசிய, தனித்தனி அறைகளில் இருந்த நொதியும் பீனால் பொருள்களும் கலந்து கறுக்கின்றன. விலங்குச் செல்களில் கொலஸ்ட்ராலின் வேலை இந்த இரு முனைகளையும் தணிப்பது: சூட்டில் அளவுக்கு மீறி இளகாமலும் குளிரில் விறைக்காமலும் பார்த்துக்கொள்கிறது.

முட்டைச் சோதனை

சுக்காவில் (வினிகரில்) ஊறவைத்து ஓடு கரைத்த முட்டையை நீரிலும் சர்க்கரைப் பாகிலும் போட்டுக் காட்டுவது பிரபலம். பார்க்க அழகாக இருக்கும், செய்யலாம். ஆனால் ஓட்டுக்கு உள்ளே இருப்பது புரத இழைகளால் ஆன வலைப்படலம், செல் சவ்வு இல்லை. சவ்வுக்குப் பதிலாகப் பள்ளியில் தரும் விஸ்கிங் குழாயும் அப்படித்தான், அது செல்லுலோஸ். இரண்டும் மூலக்கூறின் பருமனைப் பார்த்து மட்டுமே சல்லடைபோல் விடுகின்றன. உயிருள்ள சவ்வு ஆளைப் பார்த்து விடும். மிகச் சிறிய சோடியம் அயனியைக்கூடத் தடுத்து, அதைவிடப் பெரிய குளுக்கோஸைக் கைப்பிடித்து உள்ளே அழைக்கும்.

சோதனையில் தெரியாத வேலைகள்

மேலே பார்த்ததெல்லாம் சரிவில் உருளும் ஓட்டம், ஆற்றல் செலவில்லை. சவ்வு மேட்டை நோக்கியும், அதாவது செறிவு கூடிய பக்கத்துக்கும் தள்ளும். சோடியம்–பொட்டாசியம் பம்ப், செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏ.டி.பி. ஒவ்வொன்றுக்கும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. ஜென்ஸ் ஸ்கௌ இதை 1957இல் விவரித்தார், நோபல் பரிசு 1997இல் வந்தது.

இந்தப் பம்பால் கிடைக்கும் வீட்டுப் பயன் வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புநீர்ப் பொட்டலம். பம்ப் சோடியத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் உள்ளே அது குறைவு. குடல் செல்லின் ஒரு கடத்திப் புரதம் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்துத்தான் உள்ளே எடுக்கும், நீர் பின்தொடரும். அதனால்தான் பொட்டலத்தில் இரண்டும் இருக்கின்றன. உறையில் போட்டிருக்கும் நீரின் அளவைக் குறைத்துக் கலக்காதீர்கள். கரைசல் ஹைப்பர்டோனிக் ஆகி, உடலுக்குள் போக வேண்டிய நீரைக் குடலுக்குள் இழுக்கும்.

மறுபடி ஜெருக்

ஜாதிக்காயை வழக்கமாக முதலில் உப்பில் போடுகிறார்கள், பிறகுதான் சர்க்கரை. உப்பு நீரை வெளியே இழுக்கிறது, செல்கள் ரோயோ போலச் சுருங்குகின்றன. நாள் செல்லச் செல்ல அவை இறந்து, உறைந்து இளகிய கிழங்கைப்போல் தொய்கின்றன. தடுக்க ஆளில்லாத அந்தச் சதைக்குள்தான் சர்க்கரை மெல்ல நடுவரை பரவுகிறது. வீட்டில் உறுதி செய்ய ஒரு வழி: புதிய வில்லை ஒன்று, உறைந்து இளகிய வில்லை ஒன்று, இரண்டையும் ஒரு மணி நேரம் 1 மோலார் கரைசலில் ஊறவைத்து, வெளிப்பக்கத்தை நன்றாகக் கழுவி, குறுக்கே வெட்டி, வேகவைத்து நடுப்பகுதியைச் சுவைத்துப் பாருங்கள். பச்சைக் கிழங்கை வாயில் வைக்க வேண்டாம். ஆல்கஹால் பட்ட எதையும் இந்த வரிசையில் சேர்க்காதீர்கள்.